செடிக்கு அடிப்பது மருந்தா, விஷமா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் நடந்த வீட்டு ஜன்னல் மேடையில், தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில், குளிர்பான பாட்டில் ஒன்றில் கால் வாசி ஏதோ இருந்தது. "இது என்னங்கம்மா?" என்று கேட்டேன். "செம்பருத்திக்குப் பூச்சி மருந்து கண்ணு. காட்டுக்கு வாங்கினதுல மீதி" என்றார் அந்த அம்மா. அவருடைய மூன்று வயசுப் பேரன் அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தான்.

எனக்குப் பகீரென்றது. நாம் மருந்து என்று சொன்னாலும் அது விஷம்தான். நாலு தொட்டிச் செடிக்காக அதை வீட்டுக்குள் வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

என்ன பூச்சி என்று முதலில் பாருங்கள்

இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பூச்சிகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மாவுப்பூச்சி: கணுவிலும் கொழுந்திலும் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக இருக்கும். செம்பருத்தி, பப்பாளி, கொய்யாவில் அதிகம்.

அசுவினி: அவரைக் கொழுந்தில் கறுப்பாக, பேன் மாதிரி அப்பிக் கிடக்கும். இலை சுருண்டு போகும்.

வெள்ளை ஈ: செடியை ஆட்டினால் குட்டிக் குட்டியாக வெள்ளையாய்ப் பறக்கும். வெண்டையில் மஞ்சள் நரம்பு நோயைப் பரப்புவதும் இதுதான்.

செஞ்சிலந்தி: வெயில் காலத்தில் வரும். இலையில் ஊசி குத்தியது போல வெளிறிய புள்ளி, அடியில் மெல்லிய நூலாம்படை தெரியும்.

இலை பிசுபிசுப்பாக இருந்து, எறும்பும் ஏறினால் சாறு உறிஞ்சும் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். பூச்சி விடும் இனிப்புக் கழிவுக்காகவே எறும்பு வருகிறது. அந்தப் பூச்சிக்கு எறும்புதான் காவல்காரன்! எறும்பைத் தடுக்காமல் பூச்சி ஒழியாது. தொட்டியைத் தண்ணீர் ஊற்றிய தட்டில், ஒரு கல்லின் மேல் தூக்கி வையுங்கள். வாரம் இரண்டு முறை அந்தத் தண்ணீரைக் கொட்டி மாற்றுங்கள். இல்லாவிட்டால் கொசு வந்துவிடும்.

என்ன செய்யலாம்?

1. அதிகம் பாதித்த கிளையை வெட்டி, பைக்குள் போட்டுக் கட்டி, எரித்துவிடுங்கள். குப்பைமேட்டில் போட்டால் அங்கிருந்து பக்கத்துச் செடிக்குப் பரவும்.

2. அசுவினிக்கும் செஞ்சிலந்திக்கும் தண்ணீரை வேகமாக, இலையின் அடியில் பீய்ச்சி அடியுங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து செய்யுங்கள்.

3. மாவுப்பூச்சியை சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள்.

4. வெள்ளை ஈக்கு மஞ்சள் பெயின்ட் அடித்த தகரத்தில் விளக்கெண்ணெய் தடவி, செடி உயரத்துக்குத் தொங்க விடுங்கள். வந்து ஒட்டிக்கொள்ளும்.

5. அப்படியும் போகாவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல். ஓடு நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் நன்றாகப் பிழிந்து வடிகட்டி, 2 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேருங்கள். முதலில் ஒரு இலையில் மட்டும் தெளித்து ஒரு நாள் பாருங்கள். கருகவில்லை என்றால் மறுநாள் புதிதாகத் தயாரித்து, சாயந்திரம் செடி முழுக்க அடியுங்கள். வெயிலில் வேம்பின் வீரியம் போய்விடும். வாரம் ஒரு முறை, மூன்று வாரம் செய்யுங்கள். வேம்பு ஆச்சே என்று இதையும் குழந்தை கைக்கு எட்டும்படி வைக்கக்கூடாது.

நண்பனைக் கொன்றுவிடாதீர்கள்

பொறிவண்டு அசுவினியைத் தின்னும். சில பொறிவண்டின் புழு மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையாக இருக்கும். ஆனால் பெரிசாக இருக்கும், சுறுசுறுப்பாக ஓடும். அதை விட்டுவிடுங்கள்.

2008-ல் கோவைப் பக்கம் வந்த பப்பாளி மாவுப்பூச்சி ஞாபகம் இருக்கிறதா? மரவள்ளியும் மல்பெரியும் என்ன பாடு பட்டது! எவ்வளவு மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து கொண்டுவந்து விட்ட கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குளவிதான் அதை அடக்கியது. கண்டபடி விஷம் அடித்தால் முதலில் சாவது இப்படிப்பட்ட நண்பர்கள்தான்.

வராமல் தடுக்க

புதுச் செடி வாங்கினால் இரண்டு வாரம் தனியாக வையுங்கள். செடிகளை நெருக்கி வைக்காதீர்கள். யூரியா அதிகம் போடாதீர்கள். கொழுந்து கொழுகொழுவென்று வந்தால் அசுவினிக்கு விருந்துதான். வாரக் கூட்டம் நடக்கும் நாளிலேயே இலையையும் திருப்பிப் பார்த்துவிடுங்கள், மறக்காது.

கடைசியாக ஒன்று. காட்டுக்கு வாங்கிய விஷம் இருந்தால், வாங்கிய டப்பாவிலேயே, வீட்டுக்கு வெளியே பூட்டி வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.

அந்த அம்மா அன்றைக்கே பாட்டிலை எடுத்துப்போய்க் காட்டுக் கொட்டகையில் வைத்துப் பூட்டினார். செம்பருத்தியைத் துணியால் துடைத்தார். இப்போது மொட்டு விட்டிருக்கிறதாம்.

உங்கள் வீட்டு ஜன்னல் மேடையில் என்ன இருக்கிறது? இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள், சகோதரிகளே!