நீர்மேல் வரைந்த எல்லை

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை சுமார் 42 கிலோமீட்டரே நீளமுடையதாயினும், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகிய மீன்பிடி தளங்களிலிருந்து புறப்படும் விசைப்படகுகள் சில மணி நேரத்திலேயே இந்திய, இலங்கைக் கடல் எல்லையை எட்டிவிடுகின்றன. நிலத்தைப் போலக் கல் நட்டுக் காட்ட இயலாத கடலில், எல்லை எண்களாலேயே நிலைபெறுகிறது.

எதிரெதிராக அமைந்த இரு நாடுகளின் கடலைப் பிரிக்க, நீர் வற்றிய வேளையின் கரையோரத்தை அடிப்படைக் கோடாகக் கொண்டு, இரு கரைகளுக்கும் சம தொலைவிலுள்ள புள்ளிகளை இணைத்து நடுக்கோடு வரைவது பொதுமுறை. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை இம்முறையை ஏற்பதோடு, வரலாற்று உரிமை போன்ற தனிச் சூழல்களில் நடுக்கோட்டிலிருந்து விலகவும் இடமளிக்கிறது.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள பாக் நீரிணையில் நடுக்கோடு வரைவதில் சிக்கலை உண்டாக்கியது கச்சத்தீவு. 1921இல் கொழும்பில் நடந்த பேச்சிலேயே எழுந்த இத்தீவின் உரிமை வழக்கு, இராமநாதபுரம் ஜமீனின் ஆவணங்களும் இலங்கையின் கோரிக்கையும் எதிரெதிரே நிற்க நீடித்தது. 1974 ஜூனில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், தீவின் மேற்குக் கரைக்கு அப்பால் சுமார் ஒரு மைல் தொலைவில் எல்லையை அமைத்ததால், தீவு இலங்கைப் பக்கம் சேர்ந்தது. அம்முடிவைத் தமிழ்நாட்டில் இன்றும் பலர் ஏற்கவில்லை.

ஆதாம் பாலம் முதல் பாக் நீரிணை வரையிலான இவ்வெல்லையை ஒப்பந்தம் 6 புள்ளிகளின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளால் குறித்து, அவற்றைப் பெருவட்ட வில்களால் இணைக்கிறது. பெருவட்டம் என்பது புவியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டம். உருண்டைப் பரப்பில் இரு இடங்களுக்கிடையே மிகக் குறுகிய வழி அதன் வில்லே. இரண்டாவது புள்ளி வடக்கு 9 டிகிரி 57 நிமிடம், கிழக்கு 79 டிகிரி 35 நிமிடத்தில், கோட்டைப்பட்டினத்துக்கு ஏறத்தாழ நேர் கிழக்கே, 20 கடல் மைலுக்குச் சற்று அப்பால் உள்ளது; ஒரு கடல் மைல் 1,852 மீட்டர்.

எனினும் ஒரே இடத்தின் எண்கள், புவியின் வடிவத்துக்கு எந்தக் கணித மாதிரி கொள்ளப்படுகிறது என்பதைப் பொறுத்து வேறுபடும். இந்திய நில அளவையின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் நீளுருண்டையையும், இன்றைய ஜிபிஎஸ் 1984ஆம் ஆண்டின் உலக மாதிரியையும் பின்பற்றுவதால், ஒன்றின் எண்களை மாற்றாமல் மற்றொன்றில் இட்டால் இப்பகுதியில் இடம் நூறு மீட்டருக்கு மேல் விலகிவிடும். புள்ளிகளின் உண்மையான இருப்பிடத்தை இரு நாட்டு அளவையாளர்களும் இசைந்த முறையில் கண்டறிய வேண்டுமென ஒப்பந்தம் விதித்திருப்பதன் தேவை இதனால் விளங்கும்.

எல்லைக்கோட்டை வரையறுக்கவே இரு நாடுகளின் இசைவும் தேவைப்பட்டிருக்க, இரவில் காற்றும் நீரோட்டமும் இழுத்துச் செல்லும் படகுகளை எவ்வாறு நடத்துவது, குறுகிய கடலின் மீன்வளத்தை இரு கரைத் தமிழ் மீனவரும் எவ்வாறு காத்துப் பகிர்வது என்பவற்றை எல்லை கடக்கும் மீனவரைச் சிறைப்பிடிப்பதால் தீர்க்க இயலாது; அவற்றுக்கும் இரு நாடுகளும் கூடி அமர்ந்து முறை வகுத்தாக வேண்டும்.