வண்டியைத் தூக்கி நிறுத்த எந்த ஸ்டாண்ட்?

ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. ஒரு மிதி மிதித்தால் வண்டி சென்டர் ஸ்டாண்டில் ஏறிவிடும், பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும், செயினுக்கு எண்ணெய் விடலாம். ஆர்15, டியூக் போன்ற வண்டிகளுக்குக் கம்பெனி சைடு ஸ்டாண்ட் மட்டும்தான் தருகிறது. எடை குறையும், வளைவில் சாயும்போது கீழே எதுவும் உரசாது. ஆனால் வீட்டில் செயினைத் துடைக்க வேண்டுமென்றால், வண்டியை அரை அடி உருட்டு, குனிந்து துடை, மறுபடி உருட்டு என்று ஆகிவிடுகிறது. அதற்காகத்தான் பேடாக் ஸ்டாண்ட் வாங்குகிறோம்.

கடையில் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை கிலோ தாங்கும்?" என்பதைத்தான். ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. பின்பக்க ஸ்டாண்ட் இதில் ஏறக்குறைய பாதியைத்தான் சுமக்கிறது. வெல்டிங் ஒழுங்காக இருக்கும் எந்த ஸ்டாண்டுக்கும் அது பெரிய பாரமில்லை. முதலில் கேட்க வேண்டியது, ஸ்டாண்ட் வண்டியின் எந்த இடத்தைப் பிடித்துத் தூக்குகிறது என்பது. எந்த வேலைக்கு அது உதவும், எதற்கு உதவாது என்பதெல்லாம் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

பின்பக்க பேடாக் ஸ்டாண்ட் ஸ்விங் ஆர்மைப் பிடிக்கிறது. பின்சக்கரத்தை இரு பக்கமும் தாங்கி நிற்கும் நீளமான கைதான் ஸ்விங் ஆர்ம். சில வண்டிகளில் அதில் மரை போட்ட துளை இருக்கும்; அதில் பாபின் என்ற சின்ன உருளையைத் திருகி, ஸ்டாண்டின் கவைக்குள் அதை உட்கார வைக்கலாம். இதுதான் உறுதியான பிடி. பாபின் போல்ட் 6, 8, 10 மி.மீ. என்று வண்டிக்கு வண்டி மாறும். கிடைத்ததை வாங்கி வந்து வலுக்கட்டாயமாகத் திருகினால் அலுமினிய மரை போய்விடும், பிறகு லேத்துக்குத்தான் போக வேண்டும். துளை இல்லாத வண்டிக்கு ரப்பர் வைத்த எல் வடிவத் தாங்கி. ஸ்விங் ஆர்மின் அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் அது போதும். உருண்டைக் குழாயாக இருந்தால் வழுக்கும், நான் அதை நம்ப மாட்டேன். சென்டர் ஸ்டாண்ட் இருக்கும் வண்டிக்காரர் பேடாக் ஸ்டாண்டுக்குச் செலவு செய்யவே வேண்டாம்.

சென்டர் ஸ்டாண்ட் பிடிப்பது வண்டியின் சட்டத்தை. அதனால் பின்சக்கரம் ஸ்விங் ஆர்மோடு கீழே தொங்கும், ஷாக் அப்சார்பர் மேல் பாரம் இருக்காது, அதைக் கழற்றலாம். பேடாக் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஷாக் அப்சார்பர் இன்னும் வண்டியைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கே அதன் போல்ட்டை உருவினால் வண்டியின் பின்பாகம் பொத்தென்று இறங்கும். செயின் தொய்வும் இதே காரணத்தால் ஸ்டாண்டுக்கு ஸ்டாண்ட் வேறு அளவு காட்டும். தொங்கும்போது ஒன்று, பாரம் ஏறியிருக்கும்போது ஒன்று. எந்த நிலையில் நிறுத்தி அளக்க வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். அதைப் பார்க்காமல் இறுக்கிவிட்டால், ஆள் ஏறி உட்காரும்போது செயின் விறைத்து, பேரிங்கையும் சேர்த்து இழுக்கும்.

முன்பக்க ஸ்டாண்டிலும் இதே கணக்குதான். ஃபோர்க்கின் அடியைப் பிடிக்கும் வகை முன்சக்கரத்தைக் கழற்ற மட்டும் உதவும். ஃபோர்க்கையே கழற்றுவதென்றால், ஹேண்டில் பாருக்குக் கீழே ஸ்டியரிங் தண்டின் துளையில் ஊசி செருகித் தூக்கும் வகை வேண்டும். எதுவானாலும் பின்பக்கத்தை முதலில் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் முன்பக்கம். இறக்கும்போது முன்பக்கம் முதலில். முன்பக்க ஸ்டாண்டில் மட்டும் தனியாக நிற்கும் வண்டி எந்தப் பக்கமும் சாயும்.

எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி வைப்பவர்கள் ஆயில் திருகு, சைலன்சர் குழாய் இவற்றின்மேல் பாரம் விழாமல் மரக்கட்டை கொடுத்து வைக்க வேண்டும். செங்கல்லை அடுக்கி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஓரத்தில் பாரம் விழுந்தால் செங்கல் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

இனி தரை. நம் வீட்டு வாசல்கள் மழைத்தண்ணீர் தெருவுக்கு ஓட வாட்டம் கொடுத்துப் போட்டவை. பார்த்தால் தெரியாது, ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். சென்டர் ஸ்டாண்ட் வண்டியின் முகம் மேட்டுப்பக்கம் பார்க்க வேண்டும். அந்த ஸ்டாண்ட் முன்னோக்கித் தள்ளினால்தான் மடங்கும். முகம் பள்ளத்தைப் பார்த்தால் வாட்டமே அந்த வேலையைச் செய்துவிடும். பேடாக் ஸ்டாண்டுக்குச் சமதளம் தவிர வேறு எதுவும் ஒத்துவராது, அதன் அடியிலேயே சக்கரம் இருக்கிறது. மண் தரையென்றால் கனமான பலகை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வழவழப்பான டைல்ஸில் எண்ணெய் சிந்தியிருந்தால் அன்றைக்கு வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

சென்டர் ஸ்டாண்ட் போடும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது என்பவர்கள் பெரும்பாலும் கையால் தூக்கியவர்கள். இடக்கையால் ஹேண்டில் பார், வலக்கையால் பின்கம்பி. வலக்காலால் ஸ்டாண்டை அழுத்தி, வண்டியை லேசாக இப்படி அப்படி அசைத்தால் அதன் இரண்டு கால்களும் ஒருசேரத் தரையைத் தொடுவது தெரியும். அதற்குப் பிறகு உடம்பின் முழு எடையையும் அந்தக் காலில் இறக்கினால் வண்டி தானே பின்னால் ஏறி உட்காரும். கை வழிகாட்டினால் போதும். செருப்போடு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

பேடாக் ஸ்டாண்டுக்கு ஆரம்பத்தில் இன்னொருவர் வண்டியைப் பிடித்துக்கொள்வதுதான் நல்லது. தனியாகச் செய்தே ஆக வேண்டுமென்றால், சைடு ஸ்டாண்டின் அடியில் மெல்லிய பலகை வைத்து வண்டியைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள். முன்பிரேக்கைப் பிடித்து, பழைய சைக்கிள் டியூப் துண்டால் கட்டிவிடுங்கள். அப்படிக் கட்டாமல் விட்டால், ஸ்டாண்டை அழுத்தும்போது வண்டி முன்னால் நழுவும். இடப்பக்கம் நின்று இடக்கையால் பின்கம்பியைப் பிடித்து வண்டியை நேராக நிமிர்த்தி, இரண்டு பக்கக் கவையும் பாபினில் உட்கார்ந்ததா என்று குனிந்து பார்த்துவிட்டு, ஸ்டாண்டின் கைப்பிடியை ஒரே சீராகக் கீழே அழுத்துங்கள். சைடு ஸ்டாண்டை மடக்க வேண்டாம், நீட்டியபடியே இருக்கட்டும். அப்படியும் வண்டி சாய ஆரம்பித்தால் விட்டுவிட்டு விலகுங்கள். உடைந்த இண்டிகேட்டரைக் கடையில் வாங்கிவிடலாம்.

வண்டி ஏறிய பிறகு நடக்கிற பெரிய விபத்து விழுவதால் வருவதல்ல. எஞ்சினை ஓடவிட்டு, முதல் கியரில் போட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடித்துத் துடைப்பதைப் பார்த்திருப்பீர்கள், அனுபவமுள்ள கைகள்கூடச் செய்கின்றன. துணியின் ஒரு நூல் செயினில் மாட்டினால் போதும். துணி, விரல் எல்லாம் ஸ்பிராக்கெட்டுக்குள் போய்விடும், கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. விரல் நுனியையே கொண்டுபோகும் காயம் அது. சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நியூட்ரலில், சக்கரத்தைக் கையால் சுற்றித் துடைத்தால் கால்மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தாலும் அதன் நுனி எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தூக்கிய வண்டியை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போக வேண்டாம். அவர்களுக்கு அது ஏறி ஓட்டிப் பார்க்கத் தயாராக நிற்கும் வண்டி.

சக்கரத்தைக் கழற்றுவதென்றால் ஆக்ஸில் நட்டின் முதல் முறுக்கை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திவிடுங்கள். தூக்கிய வண்டியில் நீளமான ஸ்பானரைப் போட்டு இழுத்தால் நட்டுக்கு முன்னால் வண்டி நகரும். கடைசி இறுக்கமும் அப்படியே, இறக்கிய பிறகுதான். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரத்தை எடுத்தால் பாரம் முன்சக்கரத்துக்குப் போகும், முன்சக்கரத்தை எடுத்தால் பின்னால் சாயும். ஒரே நேரத்தில் இரண்டையும் எடுக்க அந்த ஸ்டாண்ட் போதாது. ஸ்டாண்ட் மடங்காமல் இருக்க அதன் காலையும் முன்சக்கரத்தையும் ஒரு பட்டையால் இழுத்துக் கட்டிவைக்கலாம், நெடுந்தூரம் போகிறவர்கள் வழியில் பஞ்சர் பார்க்கும்போது இப்படிச் செய்வதுண்டு.

பேடாக் ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போதும் சைடு ஸ்டாண்ட் நீட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இடப்பக்கம் நின்று, ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஸ்டாண்டின் கைப்பிடியை மெதுவாக மேலே விடுங்கள். டிஸ்க் பிரேக் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால், டியூப் துண்டை அவிழ்த்ததும் அந்தச் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிமானம் வரும்வரை சிலமுறை அழுத்திப் பாருங்கள். கழற்றும்போது பேட் உள்ளே தள்ளப்பட்டிருக்கும், முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காது.