சார்னோக்கைட்டு

சார்னோக்கைட்டு என்பது புவி மேலோட்டின் ஆழமான பகுதியில், மிகுந்த வெப்பமும் அழுத்தமும் உள்ள, ஆனால் நீர் மிகக் குறைந்த சூழலில் உருவாகும் பாறை வகை ஆகும். இது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாகக் காணப்படுகின்றது. கட்டட வேலையில் இதனையும் கருங்கல் என்றே அழைப்பர். பாறைகளைத் தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என மூன்றாகப் பிரிப்பது வழக்கம். ஆனால் சார்னோக்கைட்டு தீப்பாறையா, உருமாறிய பாறையா என்பது நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விவாதத்துக்கு உள்ளாகி வந்துள்ளது.

பெயர்

கொல்கத்தாவில் உள்ள புனித யோவான் தேவாலய வளாகத்தில், கிழக்கிந்தியக் கம்பனி அலுவலரான ஜாப் சார்னோக்கின் கல்லறை உள்ளது. அதன் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893 ஆம் ஆண்டில் அப்பாறை வகைக்குச் சார்னோக்கின் பெயரை இட்டார். அக்கல் சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியிலிருந்து கொண்டு செல்லப்பட்டதாகக் கருதப்படுகின்றது. எனவே பெயர் வங்காளத்துக் கல்லறைக்கு உரியது. பாறையோ தமிழ்நாட்டுக்கு உரியது.

தோற்றம்

புதிதாக உடைத்த சார்னோக்கைட்டு கரும்பச்சை அல்லது சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்புடன் இருக்கும். குவார்ட்சு, பெல்சுபார், ஹைப்பர்ஸ்தீன் ஆகியவை இதன் முக்கிய கனிமங்கள். முதல் இரண்டும் கிரானைட்டிலும் உள்ளவையே. ஹைப்பர்ஸ்தீன்தான் இதனை வேறுபடுத்துகின்றது.

உருவாக்கம்

கிரானைட்டு, நைஸ் முதலிய பாறைகளில் கருமைராக்கா, ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்கள் இருப்பது வழக்கம். இவற்றின் படிக அமைப்பில் சிறிதளவு நீர் அடங்கியுள்ளது. வெப்பநிலை ஏறத்தாழ 700 முதல் 900 பாகை செல்சியசை எட்டும்போது, இவை குவார்ட்சுடன் வினைபுரிந்து நீரை இழக்கின்றன. நீரற்ற கனிமமாகிய ஹைப்பர்ஸ்தீன் தோன்றுகின்றது. பாறை முழுதும் உருகாமலேயே இம்மாற்றம் நிகழக்கூடும்.

ஹாலண்ட் 1900 ஆம் ஆண்டில் வெளியிட்ட விரிவான ஆய்வில் இதனைத் தீப்பாறை என்றே கொண்டார். பாறைக்குழம்பு வறண்ட சூழலில் இறுகினாலும் இதே கனிமங்கள் உருவாகும் என்பதால் அக்கருத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. எனினும், கர்நாடகத்தின் கப்பாளதுர்காவில் காணப்படும் பாறைகளைப் பற்றி 1960 ஆம் ஆண்டில் சி. எஸ். பிச்சமுத்து எழுதியது மறுபக்கத்தை வலுப்படுத்தியது. அங்கே வெளிர்நிற நைஸ் பாறைக்குள் கரும்பச்சைத் திட்டுகளாகச் சார்னோக்கைட்டு காணப்படுகின்றது. நைஸின் வரிகள் திட்டின் விளிம்பில் மங்கி மறைகின்றன. அதாவது, பாதியில் நின்றுபோன மாற்றத்தை ஒரே கல்லில் காணலாம். கேரளத்தின் பொன்முடியிலும் இத்தகைய பாறைகள் உள்ளன. ஆழத்திலிருந்து வந்த கரியமில வளிமம் நீரை வெளியேற்றியதே இதற்குக் காரணம் என்பது ஒரு விளக்கம். உப்புச்செறிவு மிக்க நீர்மங்களும் காரணமாகக் கூறப்படுகின்றன. இரு வழிகளிலும் சார்னோக்கைட்டு உருவாகக்கூடும் என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் கருத்து.

பரம்பல்

பரங்கிமலை, சேர்வராயன் மலை, நீலகிரி ஆகிய இடங்களின் சார்னோக்கைட்டுகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. கொடைக்கானல், ஏலமலைப் பகுதிப் பாறைகள் இன்றைய தன்மையை அடைந்தது, கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றிணைந்த காலத்தில், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆகும். இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பாறைகளும் அந்நிகழ்வோடு தொடர்புடையவை. பொதுவாக 20 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் உருவான இவை இன்று மலைகளாக நிற்பதற்கு, மேலிருந்த பாறைகள் அரித்துச் செல்லப்பட்டதும் நிலம் உயர்ந்ததும் காரணங்கள். பரங்கிமலையில் உள்ள பாறையை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது.

சிதைவு

நிலப்பரப்பை அடைந்த பின் நீர் மீண்டும் இப்பாறையுள் புகுகின்றது. பெல்சுபார் களிமண்ணாகின்றது, ஹைப்பர்ஸ்தீனில் உள்ள இரும்பு துருவேறி மண்ணைச் சிவப்பாக்குகின்றது. விரிசல்களின் ஓரங்கள் முதலில் சிதைவதால், மண்ணுக்குள் உருண்டையான கற்கள் எஞ்சுகின்றன. நீலகிரியில் சாலைக்காக வெட்டிய சரிவுகளில் இதனை எளிதில் காணலாம். அங்கிருந்து அரிக்கப்படும் மணலையும் களிமண்ணையும் மோயாறு, பவானி ஆகிய ஆறுகள் சமவெளிக்குக் கொண்டு செல்கின்றன.