அணையாத மஞ்சள் விளக்கு: காரணத்தைத் தேடும் கலை

காரின் சாவியைத் திருகியதும் மீட்டர் பலகையில் பல விளக்குகள் எரியும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அவை அணைந்துவிடும். சில கார்களில் மட்டும், இயந்திரத்தின் வடிவில் இருக்கும் மஞ்சள் விளக்கு அணைவதே இல்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் பலருக்கு இது பழகிப்போன காட்சி. “கார் ஓடுதே, பிறகு பார்ப்போம்” என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் அதன் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர் பட்டறையில் சொன்ன பாகங்களையெல்லாம் மாற்றுகிறார்கள். ஒரு வாரம் கழித்து விளக்கு மறுபடியும் எரிகிறது.

நான் வாகனத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா படிக்கிறேன். கடந்த பருவ விடுமுறையில், கிள்ளானில் இருக்கும் என் மாமாவின் காரில் ஐந்து மாதமாக எரிந்துகொண்டிருந்த இந்த விளக்கின் காரணத்தைத் தேடும் வாய்ப்பு கிடைத்தது. காருக்கு வயது பதினாறு. 1.5 லிட்டர் பெட்ரோல் இயந்திரம். பட்டறையில் ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லி 1,800 வெள்ளி கேட்டிருந்தார்கள். பாதுகாவலராக வேலை செய்யும் மாமாவுக்கு அது சின்னத் தொகை இல்லை. அந்த மாதம்தான் அவருடைய மகள் பல்கலைக்கழகத்தில் பதிய வேண்டியிருந்தது.

“நீ படிக்கிறது இதுதானே? ஒரு தடவை பார்த்துச் சொல்லேன். மாத்தியே ஆகணும்னா மாத்திடறேன்” என்றார் மாமா.

“பார்க்கிறேன் மாமா. அதுவரைக்கும் எதையும் மாத்தாதீங்க” என்றேன்.

அந்த ஒரு வாரத் தேடலில் நடந்ததைச் சொல்வதற்கு முன், இந்த விளக்கு எதற்காக வந்தது என்று பார்ப்போம்.

விளக்கின் பின்னணி

1940-களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரைக் கண் எரிய வைக்கும் புகைமூட்டம் சூழத் தொடங்கியது. வாகனப் புகையிலிருந்து வரும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிவதால்தான் அந்த மூட்டம் உண்டாகிறது என்பதை, ஆரி ஹாகன் ஸ்மிட் என்ற வேதியியலாளர் 1950-களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். அதன் பிறகு வாகனப் புகைக்கான சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1975-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அமெரிக்கக் கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எனப்படும் வினையூக்கி மாற்றி பரவலாகப் பொருத்தப்பட்டது.

ஆனால், புதிய காரில் நன்றாக வேலை செய்யும் கருவி பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே வேலை செய்யுமா? அதை யார் கவனிப்பது? கார் தன்னைத்தானே கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதற்குக் கிடைத்த பதில். ஓபிடி 2 என்ற சுயபரிசோதனை முறை 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. ஐரோப்பாவில் 2001 முதல் பெட்ரோல் கார்களுக்கு அதே போன்ற விதி வந்தது. ஸ்டீயரிங்கின் கீழே இருக்கும் 16 ஊசிகள் கொண்ட இணைப்பான் அந்த முறையின் வாசல். மஞ்சள் விளக்கு அதன் குரல். ஆகவே, அது முதலில் காற்றின் தூய்மையைக் காப்பதற்காக வைக்கப்பட்ட விளக்கு.

எக்சோஸ் குழாய்க்குள் வேதியியல்

வினையூக்கி மாற்றியின் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி இருக்கும். அதன் நுண்ணிய துளைகளின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறியதும் அது வேலையைத் தொடங்கும். நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டையாக்சைடாகவும், எரியாத எரிபொருளை நீராவியாகவும் கார்பன் டையாக்சைடாகவும், நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் மாற்றும். வேதியியல் பாடத்தில் படிக்கும் வினையூக்கியும் ரெடோக்ஸும் ஒவ்வொரு காரின் அடியிலும் நடந்துகொண்டிருக்கின்றன.

இந்த மூன்று வேலைகளும் ஒன்றாக நடக்க, எடையளவில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற விகிதத்தை ஒட்டியே கலவை இருக்க வேண்டும். அதைக் கண்காணிக்க, மாற்றிக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சர் இருக்கிறது. சென்சரின் ஒரு பக்கம் புகை, மறு பக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் அளவின் வேறுபாடு சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கும். புகையில் ஆக்சிஜன் குறைந்தால் 0.9 வோல்ட் வரை ஏறும்; கூடினால் 0.1 வோல்ட் வரை இறங்கும். கணினி எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்வதால், முன் சென்சரின் கோடு ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

மாற்றிக்குப் பின்னால் இன்னொரு சென்சர் உண்டு. நல்ல மாற்றி ஆக்சிஜனைத் தனக்குள் சேர்த்து வைத்துத் தேவைப்படும்போது வெளிவிடும். அதனால் பின் சென்சரின் கோடு 0.6 அல்லது 0.7 வோல்ட் அருகே ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அதுவும் முன் சென்சரைப் போல ஆடத் தொடங்கினால், மாற்றி வேலை செய்யவில்லை என்று கணினி முடிவு செய்யும். தொடர்ந்து இரண்டு ஓட்டங்களில் அதே முடிவு வந்தால், பொதுவாக விளக்கு எரியும். கூடவே ஒரு குறியீடும் பதிவாகும்.

குறியீடு சொல்வது என்ன?

மாமாவின் காரில் பதிவாகியிருந்த குறியீடு பி0420. ‘வினையூக்கி அமைப்பின் திறன் வரம்புக்குக் கீழே’ என்பது அதன் பொருள். பட்டறையில் இதைப் படித்துவிட்டுத்தான் புதிய மாற்றிக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. குறியீடு அப்படித்தான் இருந்தது.

ஆனால் அந்தக் குறியீட்டில் ‘மாற்றியை மாற்று’ என்று எங்கும் இல்லை. கணினியால் காரின் அடியில் குனிந்து பார்க்க முடியாது. பின் சென்சரிலிருந்து வரும் மின்னழுத்தம் ஒன்றுதான் அதற்குத் தெரியும். அந்தக் கோடு ஏன் ஆடுகிறது என்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்: மாற்றி தேய்ந்திருக்கலாம், சென்சர் பழுதடைந்திருக்கலாம், கலவை கெட்டிருக்கலாம், எக்சோஸ் குழாயில் கசிவு இருக்கலாம். குறியீடு ஒரு சாட்சியின் வாக்குமூலம். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும்போதுதான் பணம் வீணாகிறது.

மலிவான கேள்வி முதலில்

எங்கள் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் விதி ஒன்று உண்டு. காசு செலவாகாத சோதனைகளை முதலில் செய். கழற்ற வேண்டியதைக் கடைசியில் கழற்று. நானும் அந்த வரிசையிலேயே போனேன். கையில் இருந்தது, திறன்பேசியோடு புளூடூத்தில் இணையும் ஒரு சிறிய குறியீடு வாசிப்பான். இணையக் கடைகளில் சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும்.

முதல் கேள்வி: வேறு குறியீடு ஏதும் உண்டா? இல்லை. இயந்திரத்தின் ஏதாவது ஒரு சிலிண்டரில் எரிதல் தவறினால் அதற்கும் குறியீடு வந்திருக்கும். எரியாத பெட்ரோல் மாற்றிக்குள் போய்ச் சூடேற்றி, அதைப் பாழாக்கிவிடும். அப்படி ஏதும் பதிவாகவில்லை.

இரண்டாவது கேள்வி: கலவை சரியாக இருக்கிறதா? கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதை வாசிப்பானில் சதவீதமாகப் பார்க்கலாம். பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் பொதுவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. இந்தக் காரில் அது மூன்று விழுக்காடுதான். கலவையில் குறையில்லை.

மூன்றாவது கேள்வி: இயந்திரம் எண்ணெய் குடிக்கிறதா? எண்ணெயில் உள்ள சேர்மங்கள் மாற்றியின் உலோகப் பூச்சை மூடிவிடும். மாமா ஒவ்வொரு சர்வீசின் ரசீதையும் எடுத்து வைத்திருந்தார். இடையில் எண்ணெய் ஊற்றியதே இல்லை. புகையிலும் நீல நிறம் இல்லை.

இதற்குப் பிறகு காரை இருபது நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடேற்றிவிட்டு, இரண்டு சென்சர்களின் கோடுகளையும் திரையில் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். கார் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது பின் சென்சரின் கோடு தாறுமாறாக ஆடியது. கணினி சொன்னது உண்மைதான். அடுத்து, மாமாவை முடுக்கியை மிதித்து நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடிக்கச் சொன்னேன். ஆட்டம் நின்றது. கோடு 0.7 வோல்ட்டில் அமைதியானது. மிதியை விட்டதும் மறுபடியும் ஆடியது. மூன்று முறை செய்து பார்த்தோம். மூன்று முறையும் அப்படியே.

துப்பு கிடைத்தது இங்கேதான். மாற்றி செத்திருந்தால், வேகம் கூடும்போது அது இன்னும் மோசமாக வேலை செய்ய வேண்டும். புகை அதிகமாகவும் விரைவாகவும் பாய்வதால், உலோகப் பூச்சைத் தொட்டு வினைபுரிய நேரம் குறையும். இந்தக் காரில் நடந்ததோ நேர்மாறு.

எக்சோஸ் புகை ஒரே சீராக வருவதில்லை. நாடித் துடிப்பைப் போல விட்டுவிட்டு வரும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குழாயின் உள் அழுத்தம் ஒரு கணம் வெளிக்காற்றைவிடக் குறையலாம். அந்த இடத்தில் சிறு இடுக்கு இருந்தால், வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சர் அந்த ஆக்சிஜனைப் பார்த்து ஏமாறும். வேகம் கூடினால் துடிப்புகள் நெருங்கி, குழாய் முழுக்க அழுத்தம் ஏறும். காற்று உள்ளே வர வழியில்லை. ஆகவே சந்தேகம் கசிவின் பக்கம் திரும்பியது.

சவர்க்கார நீரும் ஒரு கேஸ்கெட்டும்

மறுநாள் காலை, இயந்திரம் முழுக்கக் குளிர்ந்திருந்தபோது, காரை உயர்த்தி ஜேக் ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தினோம். காற்றை ஊதக்கூடிய வெக்யூம் கிளீனரின் குழாயைப் பின்பக்க எக்சோஸ் வாயில் துணி சுற்றிப் பொருத்தி ஊதவிட்டோம். பிறகு பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை நீரில் கலந்து, இணைப்பு இணைப்பாகத் தெளித்துக்கொண்டே வந்தேன். மாற்றிக்கும் பின் சென்சருக்கும் நடுவே இருந்த இணைப்பில் குமிழிகள் பொங்கின. அதே இடத்தில் கறுப்புக் கரிக்கோடும் இருந்தது. உள்ளிருந்த கேஸ்கெட் எரிந்து தேய்ந்திருந்தது. ஒரு போல்ட் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது.

எக்சோஸ் வேலை மட்டும் செய்யும் கடையில் புதிய கேஸ்கெட், இரண்டு போல்ட், கூலி எல்லாம் சேர்த்து 70 வெள்ளி ஆனது.

விளக்கு அணைந்தால் போதுமா?

வாசிப்பானில் ஒரு பொத்தானை அழுத்தினால் எந்தக் காரிலும் விளக்கு அணைந்துவிடும். பழுது பார்க்காமலே கூட அணைக்கலாம். மாமாவின் காரில் பட்டறையில் இருமுறை அழித்தும் சில நாளில் விளக்கு திரும்பி வந்தது. குறியீட்டை அழிக்கும்போது கணினியின் சுயபரிசோதனைப் பதிவுகளும் அழிந்துவிடும். அது மறுபடியும் எல்லாவற்றையும் சோதித்து முடிக்கச் சில நாள் ஆகும். அதனால்தான் விளக்கு அணைந்த அன்றே ‘சரியாகிவிட்டது’ என்று சொல்ல முடியாது.

வாசிப்பானில் ‘வினையூக்கி: சோதனை முடிந்தது’ என்ற குறிப்பு வரும்வரை காத்திருந்தோம். ஆறாம் நாள் வந்தது. புதிய குறியீடு எதுவும் இல்லை. நின்ற இடத்தில் ஓடும்போதும் பின் சென்சரின் கோடு அசையவில்லை. அதற்குப் பிறகே மாமாவிடம், “மாற்றி நல்லாத்தான் இருக்கு மாமா” என்றேன். அவர் அந்த வாரமே மகளின் பதிவுக் கட்டணத்தைக் கட்டினார்.

எல்லாக் கார்களிலும் இப்படி மலிவாக முடியாது. சில கார்களில் மாற்றி உண்மையாகவே தீர்ந்துபோயிருக்கும். அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும். அதன் நடுவை உடைத்து வெறுங்குழாயாக ஓட்டுவது பிறர் சுவாசிக்கும் காற்றைக் கெடுக்கும். ஆனால் மாற்றி தானாகச் சாவது அரிது. எரிதல் தவறுவதோ, எண்ணெய் கசிவதோ அதைக் கொன்றிருந்தால், அந்தக் குறையைச் சரிசெய்யாமல் புதியதைப் போட்டால் அதுவும் செத்துவிடும்.

வீட்டில் இந்த விளக்கு எரிந்தால்

• விளக்கு நிலையாக எரிந்தால், பதறாமல் சீக்கிரம் சோதித்துப் பாருங்கள். விட்டுவிட்டு மின்னினால், எரிதல் தவறுகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்.

• குறியீட்டை அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள். குறியீடு பதிவான கணத்தில் இருந்த வேகம், சூடு போன்ற விவரங்களையும் வாசிப்பான் காட்டும். அழித்தால் அவையும் போய்விடும்.

• பட்டறையில் “எந்தச் சோதனையை வைத்து இந்தப் பாகம்தான் என்று முடிவு செய்தீர்கள்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல போமன் மகிழ்ச்சியோடு விளக்குவார்.

• மூடிய கராஜில் இயந்திரத்தை ஓட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அது உயிரைப் பறிக்கும். ஜேக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் போகாதீர்கள். சூடான எக்சோஸைத் தொடாதீர்கள்.

எஸ்.பி.எம். முடித்து என்ன படிப்பது என்று யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு சொல். வாகனத் தொழில்நுட்பம் என்றதும் எண்ணெய்க் கறையும் ஸ்பேனரும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. தொழிற்கல்லூரிகளிலும் போலிடெக்னிக்குகளிலும், மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் பயிற்சி நிலையங்களிலும் இத்துறையைப் படிக்கலாம். இதற்கு வேதியியல் வேண்டும், இயற்பியல் வேண்டும், வரைபடத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் தோன்றும் விடையை உடனே நம்பாமல் இன்னொரு சோதனை செய்து பார்க்கும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை உங்களிடம் இருந்தால், இந்தத் துறையில் உங்களுக்கு இடமிருக்கிறது.