பலகையில் ஒரு பெயர், பணம் வேறு கையில்

பக்கத்தில் ராட்டை இருக்க, சேலை கட்டிய பெண்ணொருத்தி தேநீர் அருந்துகிறாள். தேநீர் முழுக்க முழுக்க சுதேசிச் சரக்கு என்கிறது வாசகம். அன்னதா முன்ஷி 1947-இல் வரைந்த சுவரொட்டி இது. தேநீர் வேண்டாம் என்று எழுதிவந்தவர் காந்தி. அவருடைய ராட்டையையே தேநீர் விற்கக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வெளியிட்டது இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம். கேட்டால் ஏதோ அரசு அலுவலகம் என்றுதான் தோன்றும். ஆனால் அதன் செலவுக்குப் பணம் வந்தது ஏற்றுமதித் தேயிலைமீது விதித்த தீர்வையிலிருந்து. அந்தத் தீர்வைக்கான 1903-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேட்டு வாங்கியவர்களே தோட்ட முதலாளிகள்தான். 1930-களின் மந்தத்தில் வெளிநாட்டு விற்பனை படுத்தது. 1933-இன் சர்வதேசத் தேயிலை ஒப்பந்தம் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டியது. மிஞ்சிய சரக்கை உள்ளூரில்தான் தள்ள வேண்டும். வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் தேநீருக்கு எதிராக வாதாடினார். அவர் பக்கம் பேனா, எதிர்ப்பக்கம் பண மூட்டை. தேநீர் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. பேசுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று குடிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவர்களின் அமைப்பும் இதற்கு விலக்கல்ல. இந்திய மருத்துவச் சங்கம் 1928-இல் கல்கத்தாவில் பிறந்தது. 2008-இல் பெப்சிகோவின் டிராப்பிகானா சாற்றுக்கும் குவேக்கர் ஓட்ஸுக்கும் தன் பெயரைத் தர அது ஒப்பந்தம் போட்டது. பெட்டியில் சங்கத்தின் பெயரைப் பார்க்கும் தாய், டாக்டர்களே சொல்லிவிட்டார்கள் என்றுதானே வாங்குவாள்? மருத்துவக் கவுன்சில் அதைத் தவறென்று சொல்லிச் சங்கப் பொறுப்பாளர்கள்மீது நடவடிக்கை எடுத்தது.

ஆகவே ‘ஆய்வு மையம்’, ‘மக்கள் மன்றம்’ என்று யார் வந்தாலும் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். லாப நோக்கற்ற கம்பெனியாகப் பதிவானதென்றால், கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் ஆண்டுக் கணக்கை யாரும் பார்க்கலாம். வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்பு, தணிக்கையான கணக்கை இணையத்தில் வெளியிட்டாக வேண்டும். அரசுப் பணத்தில் பெருமளவு நடக்கும் அமைப்பும் தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது, மனுப் போடலாம். கணக்கைக் காட்ட மழுப்பினால் அதுவே பாதிப் பதில்.

விளம்பரத்தில் பரிந்துரைப்பவர், நிறுவனத்தோடு தனக்குள்ள தொடர்பை மறைக்கக் கூடாது என்பது 2022 முதல் விதி. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் போடலாம். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் இது பொருள், சேவை விளம்பரங்களுக்கு மட்டுமே. கொள்கை பற்றிய ‘ஆய்வறிக்கை’ இந்த வலையில் சிக்காது. அங்கே நம் விசாரணைதான் கைகொடுக்கும்.

தேர்தல் நேரத்தில் கல்கத்தாவின் லேக் மார்க்கெட் வாசலில் கையில் திணிக்கும் நோட்டீஸைத் திருப்பிப் பாருங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நோட்டீஸைக் கிழிக்காமல் தேர்தல் அலுவலரிடம் கொடுத்து, புகாருக்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.