பாரீஸில் ஒரு புதுச்சேரி வீதி!

"பாரீஸ் போயிட்டு வந்தீங்களாமே! ஈஃபில் கோபுரத்து மேல ஏறினீங்களா?"

ஊர் திரும்பின நாளிலிருந்து எங்கள் வீராம்பட்டினத்தில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். "ஏறலை, அடியில நின்னு அண்ணாந்து பார்த்ததோட சரி" என்றால், "அடப் பாவமே!" என்று உச்சுக் கொட்டுகிறார்கள். பாவம் ஒன்றுமில்லை, சகோதரிகளே! ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று எழுதிக் கொடுத்த குடும்பங்கள் பல. அப்படி ஒரு குடும்பத்தில்தான் என் தங்கை வாழ்க்கைப்பட்டாள். பாரீஸுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில் குடியிருக்கிறாள். அங்கே நம் புதுச்சேரிக்காரர்கள் நிறையப் பேர். சென்ற கோடை விடுமுறையில் நான், என் கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐந்து பேர் அவள் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் தங்கினோம்.

அம்மாவுக்கு வயது அறுபத்தாறு. அந்தக் காலத்தில் மீன் கூடையைத் தலையில் சுமந்து, அரியாங்குப்பம் பாலம் தாண்டி, புதுச்சேரி பெரிய மார்க்கெட் வரை நடந்தவள். இப்போது பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. ஆனாலும், "நடக்கறதுக்கு எனக்கா சொல்லித் தரணும்?" என்பாள்.

முதல் நாள் செய்த தப்பு

நடந்து பார்ப்பதற்கென்றே அமைந்த ஊர் பாரீஸ். மொத்தப் பரப்பே சுமார் 105 சதுர கிலோமீட்டர்தான். நடுவே சேன் ஆறு. அதன் கரையோடு போனால் நோத்ர் தாம் தேவாலயம், லூவ்ர் மியூசியம், ஈஃபில் கோபுரம் மூன்றும் வந்துவிடும். எல்லாம் சேர்த்து ஐந்து கிலோமீட்டர் சொச்சம். "ஒரே நாளில் முடிச்சிடலாம்" என்று என் கணவர் பட்டியல் போட்டார். நானும் தலையாட்டினேன்.

நோத்ர் தாமை 2019 ஏப்ரலில் தீ தின்றது. பழுது பார்த்து 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. பிள்ளைகள் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை வாய் பிளந்து பார்த்தார்கள். பிறகு ஆற்றங்கரையோடு நடை. மே மாதக் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரைக்கு மேல் ஆகிவிடுகிறது. வெளிச்சத்தை நம்பி நேரம் போனதே தெரியாமல் நடந்தோம். அம்மா மட்டும் பின்தங்கிக்கொண்டே வந்தாள். "இன்னாம்மா, கால் வலிக்குதா?" என்றால், "ஒண்ணுமில்லே, நீங்க போங்க" என்றாள்.

இரவு வீட்டில் அம்மாவின் சாக்ஸைக் கழற்றின தங்கை வீறிட்டாள். குதிகாலில் ரூபாய் அளவுக்குக் கொப்புளம், சுண்டுவிரல் ஓரம் தோல் வழண்டு ரத்தம்! செருப்பைத் தவிர வேறெதுவும் போட்டறியாத கால்களுக்கு, முதல் நாள் வாங்கின புது ஷூவை மாட்டி நாள் முழுக்க நடக்க வைத்திருக்கிறோம்!

"ஏம்மா சொல்லலை?"

"முதல்ல வலியே தெரியலை. அப்புறம் தெரிஞ்சுது. சொன்னா நாளைக்கு என்னை வூட்ல வுட்டுட்டுப் போயிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

எனக்குத் தொண்டையை அடைத்தது.

மறுநாள் டாக்டர் விளக்கினார். நாள்பட்ட சர்க்கரையில் பாதத்து நரம்புகளுக்கு உணர்ச்சி குறையும். காயம் பட்டாலும் தெரியாது. சின்னக் கொப்புளமும் புண்ணாகி, ஆறாமல் இழுத்து, காலுக்கே வினையாகலாம். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணிக் கட்டுப் போட்டு, ஆறுகிறவரை நடை கூடாது என்றார்.

பெஞ்சுக்குப் பெஞ்சு

பிறகு பட்டியலைக் கிழித்துப் போட்டோம். புண் ஆறி டாக்டர் சம்மதித்த பிறகு, ஒரு நாளைக்கு ஒரு பேட்டை என்று வைத்துக்கொண்டோம். அரை மணி நடை, பிறகு பெஞ்சில் ஓய்வு. தெருவோரங்களில் பச்சை வர்ண இரும்புக் குழாய்கள் இருக்கின்றன. ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1872-ல் தொடங்கி வைத்த தர்மம். தாராளமாகக் குடிக்கலாம். தெருக் கழிப்பறைகளும் இலவசம். குழந்தையோடு போகிறவர்களுக்கு இந்த இரண்டும் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது!

என் பையன் ஒரு விளையாட்டே கண்டுபிடித்தான். ஆற்றை விட்டு விலகிப் போகும் வீதிகளில் வீட்டு எண் ஆற்றுப் பக்கமிருந்துதான் ஆரம்பிக்கும். "எண் கூடுது ஆயா, ஆறு பின்னால இருக்கு!" என்று அவன் வழி சொல்ல, அம்மா பின்னால் நடந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஃபில் கோபுரத்தை அடியில் நின்று பார்த்துவிட்டு, மெதுவாக டூப்ளே மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் வந்தோம். ஆமாம், 1742 முதல் 1754 வரை நம் புதுச்சேரியில் கவர்னராக இருந்த அதே டூப்ளேதான்! தூண்கள் மேல் மெட்ரோ ரயில் ஓட, அதன் கீழே புதன், ஞாயிறு காலைகளில் சந்தை கூடுகிறது. ஐஸில் பரப்பியிருந்த மீன் முன்னால் அம்மா நின்றுவிட்டாள்.

"கண்ணு குழி விழுந்து போச்சு பாரு. இது இன்னிக்குப் பிடிச்சதில்லே. அதோ, அது நல்ல மீன்!" அவள் காட்டினதையே தங்கை வாங்கினாள். பதினைந்து நாளாக யாரோ கைப்பிடித்து அழைத்துப் போகிற கிழவியாக இருந்தவள், அன்று எங்களுக்கு வழிகாட்டி ஆகிவிட்டாள்!

சந்தையிலிருந்து சிறிது தூரத்தில் ஒரு சின்ன வீதி. நம்மூரில் இருப்பது போலவே நீலத் தகட்டில் வெள்ளை எழுத்து. பையன் எழுத்துக் கூட்டினான்: "ரூ த பொந்திஷேரி... ஆயா, புதுச்சேரி வீதி!" அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "நம்ம ஊர் பேரை இவ்ளோ தூரத்துல எழுதி வச்சிருக்கானே! வூட்லயே கெடந்திருந்தா இதைப் பார்த்திருப்பேனா?" என்றாள்.

கோபுரத்து உச்சியிலிருந்து பார்த்தால் அந்தத் தகடு தெரிந்திருக்குமா, சொல்லுங்கள்?

புறப்படும் முன்...

பாரீஸோ பழநியோ, பெரியவர்களோடு கிளம்பினால் இதை மறக்காதீர்கள். ஷூவை மாலையில் வாங்குங்கள். அப்போதுதான் கால் சற்று வீங்கிச் சரியான அளவு தெரியும். இரண்டு வாரமாவது வீட்டுக்குள் சிறிது சிறிதாகப் போட்டுப் பழக்குங்கள். பருத்தி சாக்ஸ் நல்லது. போடும் முன் ஷூவுக்குள் கைவிட்டுக் கல், மண் இருக்கிறதா பாருங்கள். சர்க்கரைக்காரர்கள் வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். திடீரென்று மயக்கம் வந்தால் கொடுக்கச் சர்க்கரையோ மிட்டாயோ கைப்பையில் இருக்கட்டும்.

தினம் இரவு அவர்கள் பாதத்தை நீங்களே விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். "ஒண்ணுமில்லே" என்று அவர்கள் சொன்னாலும் பாருங்கள்.