மொய்நோட்டு எழுதும் ஊரில் சீர் சாமானுக்கு ரசீது

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கல்யாணச் சீர் சாமான் வாங்கக் கடைவீதிக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லாமல் போய்விட்டது. பக்கத்துத் தெருப் பெண்ணே கேட்லாக்கோடு வீட்டுக்கு வருகிறார். இல்லாவிட்டால் வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்புகிறார். குக்கர், ஹாட்பாக்ஸ், டின்னர் செட், அலங்காரத் தாம்பாளம், மணப்பெண்ணுக்கான அழகுசாதனப் பெட்டி என்று பெண் வீட்டார் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு ஆர்டர் போடுகிறார். ஏதாவதொரு நேரடி விற்பனை நிறுவனத்தில் ஐடி எடுத்தவர் அவர். சிலர் கூடவே சீர் சீட்டும் பிடிக்கிறார்கள். கடை வாடகை கிடையாது, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே செய்யலாம், கையில் நாலு காசு நிற்கும். மதிக்க வேண்டிய உழைப்பு இது. ஆனால் இந்தத் தொழிலில் அவர் போடும் உண்மையான முதல் பணமல்ல. மாமியும் சித்தியும் நாத்தனாரும் அவர்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை. நிறுவனம் அந்த நம்பிக்கையைக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்கிறது. ஏதாவது பிசகினால் நிறுவனத்தின் பெயரை யாரும் சொல்வதில்லை, இவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். அவரைக் காக்கக்கூடியது எழுத்து ஒன்றுதான்: ஒப்பந்தம், ரசீது, பட்டியல். இந்த மூன்றையும் அவர் கேட்டு வாங்கவும் எழுதிக் கொடுக்கவும் பழக வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் ஒப்பந்தம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ், நேரடி விற்பனைக்கென்றே தனி விதிகளை ஒன்றிய அரசு 2021 டிசம்பர் 28 அன்று வெளியிட்டது. அந்த விதிகளின்படி விற்பனைப் பெண் நிறுவனத்தின் ஊழியர் அல்லர். எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் பேரில், தன் பொறுப்பில் வியாபாரம் செய்கிற தனி ஆள். சம்பளம், வருங்கால வைப்பு நிதி, பேறுகால விடுப்பு எதுவும் வராது. ‘எங்கள் குடும்பத்தில் நீங்களும் ஒருவர்’ என்று கூட்டத்தில் லீடர் கைதட்டிச் சொல்வதற்கும் காகிதத்தில் இருப்பதற்கும் இவ்வளவு தூரம். அதே விதிகள் வேறு சில பாதுகாப்புகளைத் தருகின்றன. சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. பயிற்சிப் புத்தகத்தையோ குறுந்தகட்டையோ விலைக்கு வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. விற்கவோ வீட்டில் பயன்படுத்தவோ முடிகிற அளவுக்கு மேல் சரக்கு எடுக்கச் சொல்லவும் கூடாது.

கடைசியாகச் சொன்ன விதி சீர் சாமான் விற்பவருக்கு மிக முக்கியமானது. கல்யாணம் மாதா மாதம் வருவதில்லை. தையில் முகூர்த்தம் குவியும், வைகாசியிலும் ஆவணியிலும் மயிலம் முருகன் கோயில் அடிவாரத்தில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கெட்டிமேளச் சத்தமே கேட்காது. ஆனால் நிறுவனத்தின் டார்கெட் மாதக் கடைசியில் முடிகிறது. ஆடி மாதத்திலும் அந்தப் புள்ளிக் கணக்கை எட்டாவிட்டால் எட்டிப்பிடித்த படி கீழே இறங்கிவிடும் என்ற பயத்தில், விற்க ஆளில்லாத சரக்கைத் தன் பணத்தில் வாங்கிப் பீரோவுக்கு மேல் அடுக்குகிறார். அந்தப் பணம் பல நேரம் மகளிர் குழுக் கடன், இல்லையென்றால் அடகு வைத்த கம்மல். கணக்கில் அது விற்பனை, வீட்டில் அது கடன். நிறுவனம் பெரியது என்பதும் முழுப் பாதுகாப்பாகாது. வீட்டுக் கூட்டங்கள் வழியாகவே உலகம் முழுக்கப் பெயர் எடுத்த டப்பர்வேர், 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. ஆகவே ஆர்டர் வந்த பிறகே சரக்கு எடுப்பது என்பதை முறையாக வைத்துக்கொள்வது நல்லது. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. மறுவிற்பனைக்காக வாங்குபவரை நுகர்வோர் சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை. தேங்கிய சரக்குக்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், அவருக்கு அந்தக் கதவு திறக்காமல் போகலாம். அப்போது அவர் கையில் மிஞ்சுவது அந்த ஒப்பந்தம்தான். அதை வாங்கி வைக்காதவரிடம் அதுவும் இல்லை.

அடுத்தது ஆள் சேர்ப்பது. பொருள் விற்றால் வரும் கழிவு சிறியது, ஆறு பேரைச் சேர்த்தால் பெரிய வருமானம், அந்த ஆறு பேரும் ஆறாறு பேரைச் சேர்த்தால் கார் வரும் என்பது கூட்டங்களில் சொல்லப்படும் கணக்கு. அதை நம் ஊர் அளவில் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் ஆறு பேர், அவர்கள் 36, பிறகு 216, 1,296, 7,776, 46,656. ஏழாவது அடுக்கில் மட்டும் 2,79,936 பேர் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி விழுப்புரம் நகராட்சியில் 96,253 பேர், திண்டிவனத்தில் 72,796 பேர். கைக்குழந்தையையும் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பாட்டியையும் சேர்த்தாலும் இரண்டு ஊர்களும் அந்த அடுக்குக்குப் போதாது. கடைசியாகச் சேர்கிறவர்கள் நஷ்டப்படுவது அவர்கள் திறமைக்குறைவால் அல்ல, கணக்கே அப்படி. 2021 விதிகள் பிரமிடு திட்டத்தையும் பணச் சுழற்சித் திட்டத்தையும் நேரடி விற்பனை என்ற பெயரில் நடத்தக் கூடாது என்று தடுக்கின்றன. 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டமும் இதையே குற்றமாக்குகிறது. நாடறிந்த நிறுவனங்களும் இந்தக் கேள்விக்கு வெளியே இல்லை. 2022 ஏப்ரலில் ஆம்வே இந்தியாவின் 757.77 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்துகளை, திண்டுக்கல் மாவட்டத் தொழிற்சாலை உட்பட, பிரமிடு மோசடி என்ற குற்றச்சாட்டின் பேரில் அமலாக்கத் துறை முடக்கியது. நிறுவனம் அதை மறுத்தது. ஐடி எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் ஒருவரைக்கூடச் சேர்க்காமல் பொருள் மட்டும் விற்றால் என் கைக்கு எவ்வளவு வரும்? பதில் தெளிவாக வராத இடத்தில் விற்கப்படுவது பாத்திரமல்ல, சேர்க்கைதான்.

பெரிய ஆபத்து சீட்டில் இருக்கிறது. மாதம் ஆயிரம் வீதம் கட்டினால் கல்யாணத்துக்கு அண்டா, குத்துவிளக்கு, மிக்சி, கிரைண்டர், கூடவே ஒரு வெள்ளிச் சொம்பு என்று சொல்லி வசூலிப்பது சட்டத்தின் கண்ணில் என்ன? பதிவுசெய்யாமல் சீட்டு நடத்தினால் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் குறுக்கே நிற்கும். குலுக்கலில் பெயர் வந்தவர் மீதித் தவணை கட்டாமலே பொருளை எடுத்துக்கொண்டு போகிற முறை, 1978 சட்டம் தடைசெய்த பரிசுச் சீட்டுக்குள் வருகிறது. பணமாகவோ பொருளாகவோ திருப்பித் தருவதாகச் சொல்லி ஊரில் வசூலிப்பதை, முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் 2019 பிடிக்கிறது. ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு உண்மையாக வாங்கிய முன்பணத்துக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் எந்தப் பொருள், என்ன விலை, எந்தத் தேதியில் தருவேன் என்று எழுத்தில் இல்லாத பணத்தை முன்பணம் என்று நிரூபிப்பது கடினம். அந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய வரி வேறொன்று: பணத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டவருக்கு மட்டுமல்ல, இத்தகைய திட்டத்தில் சேரச் சொல்லி அழைத்தவருக்கும் தண்டனை உண்டு; அழைத்ததற்கே 1 முதல் 5 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் முதல் 10 லட்சம் வரை அபராதம். ‘நான் வாங்கி அப்படியே மேலே கட்டிவிட்டேன், எனக்கு ஒன்றும் தெரியாது’ என்பது அங்கே எளிதாக எடுபடாது.

நகைக்கடைச் சேமிப்புத் திட்டங்கள் பெரும்பாலும் 11 மாதத்தோடு நிற்பதற்கும் காரணம் உண்டு. நிறுவனம் பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாக நேர்செய்யாவிட்டால் அது வைப்புத்தொகையாகிவிடும் என்று கம்பெனிகள் வைப்புத்தொகை விதிகள் 2014 சொல்கின்றன. எனவே இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று நீளும் ‘மணப்பெண் திட்டம்’ எதையும் சந்தேகத்தோடு பார்ப்பது சரி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா கோல்டு டிரேடிங் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாக வழக்கு. 2023இல் திருச்சியைச் சேர்ந்த பிரணவ் ஜுவல்லர்ஸ் கிளைகளை மூடியபோது நகைத் திட்டத்தில் கட்டியவர்கள் தெருவுக்கு வந்தார்கள். இத்தகைய திட்டங்கள் எல்லாம் தெருத்தெருவாகப் பரவியது விளம்பரத்தால் மட்டுமல்ல. தெரிந்தவர், சொந்தக்காரர் வாய்வழிச் சொல்லால்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், அது நியாயமானதும்கூட. சிறுகச் சிறுகச் சேர்க்கிற சீட்டு இல்லாமல் கூலி வேலை செய்யும் குடும்பம் பெண்ணுக்குச் சீர் செய்வது எப்படி? கடையில் மொத்தமாகக் கொடுக்கப் பணம் இருந்தால் சீட்டுக்கு ஏன் வரப்போகிறார்கள்? உண்மைதான். சேமிப்பைத் தடுக்கச் சட்டம் வரவில்லை என்பதே இதற்குப் பதில். மகளிர் சுயஉதவிக் குழுவின் உறுப்பினர்கள் வரம்புக்குள் கட்டும் சந்தாவை 2019 சட்டமே வைப்புத்தொகைக் கணக்கில் சேர்க்கவில்லை. அஞ்சலகத்தில் தொடர் வைப்புக் கணக்கை மாதம் நூறு ரூபாயிலிருந்து மணப்பெண் பெயரிலேயே தொடங்கலாம். பதிவுபெற்ற சீட்டு நிறுவனம் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையை வைத்த பிறகே நடத்த முடியும். சேமிப்பு அங்கே நடக்கட்டும். பணம் சேர்ந்த பிறகு பொருளை இந்தப் பெண்ணிடம் வாங்கட்டும். விற்பவரே வங்கியாகவும் இருப்பதுதான் இடறும் இடம். அவர் விற்பவராக மட்டும் நின்றால் ஆர்டர் குறையலாம், தூக்கம் குறையாது.

இரண்டாவது காகிதம் ரசீது. அதற்கு வரும் மறுப்பு நம் மனத்துக்கு நெருக்கமானது. பெரியம்மாவிடம் பணம் வாங்கிக்கொண்டு ரசீது கிழித்துக் கொடுத்தால், ‘என்னையே நம்பலையாடி?’ என்று முகம் சுருங்காதா? இதே பெரியம்மா கல்யாண மண்டபத்தில் வைக்கிற 501 ரூபாயை மேசை போட்டு உட்கார்ந்து, ஊர் பெயர், தகப்பன் பெயரோடு நோட்டில் எழுதுகிறோம். பல ஊர்களில் ஒலிபெருக்கியில் வாசிக்கவும் செய்கிறோம். யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. எழுதாமல் விட்டால்தான் சண்டை வரும். உறவு நீடிக்க வேண்டுமென்றால் கணக்கு எழுத்தில் இருக்க வேண்டும் என்பதை நமக்கு எந்தச் சட்டமும் சொல்லிக்கொடுக்கவில்லை, மொய்நோட்டு சொல்லிக்கொடுத்தது. 2021 விதிகள் கேட்பதும் அதைவிட அதிகமில்லை: அடையாள அட்டையோடு, முன்கூட்டிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது; பொருள், விலை, திருப்பிக் கொடுக்கும் வசதி, புகார் செய்யும் வழி ஆகியவற்றைத் தெரிவிப்பது; ஆர்டர் படிவமும் பில்லும் தருவது.

தவறு நடந்துவிட்டால் என்ன செய்வது? பொருள் வாங்கியவர் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். 48 வேலை மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, வழக்கமாக ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. தன் விற்பனையாளர் விற்றதால் எழும் குறைக்கு நிறுவனமே பொறுப்பு என்பதால், ‘அந்த அம்மாவிடம் கேளுங்கள்’ என்று அது கைகழுவ முடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சீட்டில் பணம் போனவர்கள் விழுப்புரம் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசிடம் போகலாம். 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஏமாற்றியவரின் சொத்தை முடக்கிப் பணம் மீட்க வழி உண்டு. இடையில் மாட்டிக்கொண்ட விற்பனைப் பெண்ணுக்கும் ஆதரவு உண்டு. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண் என்ற ஒரு தகுதி போதும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும். அதன் எண் 15100. தானும் ஏமாந்த ஒருவர் தலைமறைவாவதற்குப் பதிலாக, வசூல் நோட்டையும் மேலே கட்டியதற்கான சான்றையும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய்ப் புகார் கொடுப்பது அவர் நிலையை எவ்வளவோ மாற்றும்.

மூன்றாவது காகிதம் பட்டியல். மணமக்கள் தங்களுக்கு வேண்டியதைக் கடையில் பதிந்து வைப்பதும், விருந்தினர் அதிலிருந்து வாங்கித் தருவதும் 1924இல் சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட் அங்காடியில் தொடங்கிய வழக்கம். அதை அப்படியே இங்கே கொண்டுவந்து, ‘மாப்பிள்ளை வீட்டாரிடம் என்னென்ன வேண்டும் என்று கேட்டு நானே லிஸ்ட் போட்டுத் தருகிறேன்’ என்று விற்பனைப் பெண் சொன்னால் பொருளே மாறிவிடும். அங்கே அது விருப்பம், இங்கே அது கோரிக்கையாகிவிடும். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தில் கேட்பது குற்றம், கொடுப்பதும் வாங்குவதும் குற்றம், துணைபோவதும் குற்றம். அதே சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகள், கேட்காமல் மனமுவந்து தரும் அன்பளிப்புகளுக்கு வேறொரு பட்டியலைச் சொல்கின்றன. கல்யாணத்தின்போதோ முடிந்த உடனேயோ எழுத வேண்டும். பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை ஆகியவை இருக்க வேண்டும், மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். பெண்ணுக்கு வந்ததன் பட்டியல் பெண் கையிலேயே இருக்க வேண்டும். பிரதிபா ராணி வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் சீதனம் பெண்ணுக்கே முழு உரிமை என்று சொன்னது. ஆனால் நாளைக்கு மனக்கசப்பு வந்து பீரோவையும் பாத்திரத்தையும் கேட்கும்போது, எதெது அவளுடையது என்று காட்ட வேண்டியவளும் அவள்தான். இந்தப் பட்டியலைக் கல்யாண வீடுகளில் எழுதுவது அரிது. சீர் சாமான் விற்கும் பெண் அதன் படிவம் ஒன்றைத் தன் கேட்லாக்கோடு சேர்த்துக் கொடுக்கலாம். மதிப்பு என்ற கட்டத்தை நிரப்ப, அவர் கிழித்துக் கொடுத்த ரசீதே போதும்.